இரு பெயர்களும் ஒரு கிதாரும்



தாமே பாட்டெழுதி, தாமே பண்ணமைத்து, தாமே பாடும் கலைஞரை மதிப்பிட முற்படும் திறனாய்வாளர் இரண்டு வினாக்களை எழுப்புவது வழக்கம். இவருடைய வேர் எது என்பது ஒன்று. இவருடைய இசை எவையெவற்றின் கலவை என்பது மற்றொன்று. முதல் வினாவிற்குக் குடும்ப வரலாறு விடை தருகிறது. இரண்டாம் வினாவிற்கு இசையாராய்ச்சி விடை தருகிறது. அவ்விரு விடைகளோடு திறனாய்வு நிறைவடைந்துவிட்டதாகவும் கருதப்படுகிறது. ஆயின் மூன்றாவது வினா ஒன்றும் உண்டு. அக்கலவையில் பங்குகொண்டோர் அனைவரின் பெயரும் பாட்டின் தலைப்பில் இடம்பெற்றதா என்பதே அது. அர்ஜென்டினா நாட்டின் பெரும்பாடகர் அதாவல்பா யுபாங்கியின் வாழ்வையும் இசையையும் இம்மூன்று வினாக்களின் துணைகொண்டு காண்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

வேர்கள்

யுபாங்கியின் இயற்பெயர் எக்தோர் ரொபெர்த்தோ சாவேரோ. 1908ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 31ஆம் நாள், புவெனஸ் ஐரிஸ் மாநிலத்தில் பெர்கமினோ நகரைச் சார்ந்த ஒரு சிற்றூரில் அவர் பிறந்தார். மலை என்பதே கண்ணுக்குத் தென்படாத புல்வெளிப் பரப்பு அது. 'பாம்பா' என வழங்கும் அச்சமவெளியில் மாடு மேய்ப்போரும் குதிரை பழக்குவோரும் கூலிக்குக் கதிர் அறுப்போரும் வாழ்ந்தனர்.

தந்தையார் அம்மண்ணுக்குரியவர் அல்லர். வடக்கே சாந்தியாகோ டெல் எஸ்தெரோ மாநிலத்திலிருந்து இருப்புப்பாதைப் பணிக்காகத் தெற்கே வந்தவர். அம்மாநிலத்தின் பல சிற்றூர்களில் இன்றும் கெச்சுவா மொழியின் ஒரு கிளை வீட்டுமொழியாகப் பேசப்படுகிறது. இன்கா அரசர்களின் மொழியும் கெச்சுவாவே. தந்தையார் அப்பழங்குடி மரபில் வந்தவர். தாயார் பாஸ்க் மரபினர். ஸ்பெயினும் பிரான்சும் சந்திக்கும் மலைப்பகுதியிலிருந்து கடல்கடந்து வந்த குடியினரின் வழித்தோன்றல். வென்றவர் கரையிலிருந்து வந்த மரபும் வெல்லப்பட்டவர் மரபும் ஒரே வீட்டில் ஒரே அடுப்பின்முன் அமர்ந்திருந்தன எனலாம். இலத்தீன் அமெரிக்காவில் இத்தகைய குடும்பங்கள் எண்ணற்றவை. பெரும்பாலான குடும்பங்களில் பழங்குடிப் பாதி பேசப்படாமலே போய்விடுவதும் உண்டு. யுபாங்கி அதனைப் பேசவைத்தார் என்பதே அவருடைய தனிச்சிறப்பு.

சிறுவனின் இசைக்கல்வியும் இருகூறாகவே அமைந்தது. அந்தி சாய்ந்தபின் பண்ணைக் கொட்டகைகளில் கூலியாட்கள் கிதாரை மீட்டிப் பாடியவற்றைக் கேட்டு வளர்ந்தது ஒரு கல்வி. பாதிரியார் ஒருவரிடம் வயலின் பயிலத் தொடங்கி, பின்னர் ஹூனின் நகரில் பௌதிஸ்தா அல்மிரோன் என்னும் ஆசிரியரிடம் கிதார் பயின்றது மற்றொரு கல்வி. அல்மிரோன் செவ்வியல் மரபினர். சோர், தாரெகா போன்ற ஸ்பானியக் கிதார் மேதைகளின் ஆக்கங்களையும் பாஹ், பீத்தோவன், சூபெர்ட் ஆகியோரின் இசையைக் கிதாருக்கு மாற்றியமைத்த வடிவங்களையும் அவரிடமே சிறுவன் முதன்முதலாகக் கேட்டான். கொட்டகையில் கேட்ட கிதாரும் ஆசிரியர் வீட்டில் கேட்ட கிதாரும் ஒரே கருவிதான் என்னும் வியப்பு அவரை இறுதிவரை விட்டு நீங்கவில்லை. 1965இல் வெளிவந்த 'காற்றின் பாட்டு' என்னும் நினைவு நூலில் அவ்விரு கல்விகளையும் அவர் சமமான நன்றியோடு குறிப்பிடுகிறார்.

1917இல் குடும்பம் வடமேற்கே தூக்குமானுக்குச் சென்றது. கரும்புத் தோட்டங்களும் அவற்றின் பின்னணியில் உயர்ந்த மலைகளும் நிறைந்த நிலம் அது. சமவெளியின் தனிக்கிதாரை மட்டும் அறிந்திருந்த சிறுவன் அங்கு மலைமக்களின் பறையொலியைக் கேட்டான். சில ஆண்டுகளில் தந்தையார் மறைந்தார். குடும்பச் சுமை இளந்தோளில் விழுந்தது.

ஏற்றுக்கொண்ட பெயர்

பள்ளிப் பருவத்திலேயே அவர் தம் எழுத்துக்களுக்கு 'அதாவல்பா' எனக் கையொப்பமிடத் தொடங்கினார். பின்னர் 'யுபாங்கி' என்பதனையும் சேர்த்துக்கொண்டார். இரண்டும் இன்கா அரசர்களின் பெயர்கள். அதாவல்பா, ஸ்பானியப் படைத்தலைவன் பிசாரோவால் சிறைபிடிக்கப்பட்டு 1533இல் கொல்லப்பட்ட மன்னன். துபாக் யுபாங்கி, அதற்கு முந்தைய தலைமுறைகளில் பேரரசை விரிவாக்கியவன். தொலைநிலத்திலிருந்து ஒன்றைச் சொல்ல வருபவன் என்று இப்பெயருக்குப் பொருள் கூறப்படுவதுண்டு.

புனைபெயர் என்பது பெரும்பாலும் மறைத்துக்கொள்ளப் பயன்படுவது. இங்கோ அது வெளிப்படுத்தப் பயன்பட்டது. சாவேரோ என்னும் ஸ்பானியக் குடும்பப்பெயர் தந்தையின் பழங்குடி மரபைக் காட்டாது. ஐரோப்பியக் குடியேறிகளின் நாடு என்று தன்னைக் கருதிக்கொண்ட அன்றைய அர்ஜென்டினாவில், நிலையான பிழைப்பு ஏதுமற்ற ஓர் இளைஞன் தோற்ற மன்னனின் பெயரைச் சூடிக்கொண்டான். மேடையில் அப்பெயர் அறிவிக்கப்படும் ஒவ்வொரு முறையும், மறக்கப்பட்ட ஒரு வரலாறு கேட்போர் செவியில் விழுந்தது. வேர் என்பது பிறப்பினால் மட்டும் வாய்ப்பதன்று. எந்தப் பெயரால் அழைத்தால் ஒருவர் திரும்பிப் பார்க்கிறார் என்பதனாலும் அது அமைகிறது.

நிலமும் பண்ணும்

ஏறத்தாழப் பத்தொன்பது வயதில் அவர் இயற்றிய 'இந்தியனின் பாதை' என்னும் பாட்டு புகழ்பெற்றது. அதன்பின் பல ஆண்டுகள் அவர் வடமேற்கு மாநிலங்களில் அலைந்தார். கழுதை மீதும் குதிரை மீதும் மலைப்பள்ளத்தாக்குகளைக் கடந்தார். கிடைத்த வேலைகளைச் செய்தார். 1932இல் நிகழ்ந்து தோல்வியுற்ற ஓர் அரசியல் கிளர்ச்சியில் பங்குகொண்டு, உருகுவாய் நாட்டில் அடைக்கலம் புகுந்து, 1934இல் திரும்பினார். இவ்வலைச்சலே அவருடைய பல்கலைக்கழகம். அங்கு அவர் கற்ற பாட்டு வடிவங்களை நிலத்தோடு பொருத்திப் பார்ப்பது தகும்.

மலைப்பள்ளத்தாக்குகளில் வழங்குவது 'பகுவாலா'. மூன்றே சுரங்களால் ஆனது அது. நம் வழக்கில் சொல்வதாயின் சட்சம், அந்தர காந்தாரம், பஞ்சமம் என்னும் மூன்று மட்டுமே. 'காஹா' என்னும் கைப்பறையைத் தட்டிக்கொண்டு ஆணும் பெண்ணும் தனித்தும் கூடியும் பாடுவர். தொண்டையை உடைத்தெழுப்பும் குரல் மலைச்சரிவில் மோதித் திரும்பும். சாந்தியாகோ டெல் எஸ்தெரோவுக்கும் அதன் அண்டை நிலங்களுக்கும் உரியது 'விதாலா'. இரு குரல்கள் சற்றே இடைவெளிவிட்டு இணையாக நடக்கும் துயரப்பாட்டு அது. தந்தையின் நிலத்துப் பண் என்பதால் யுபாங்கிக்கு இது உயிரோடு ஒட்டியது. அதே மாநிலத்தின் 'சாகரேரா' ஆடற்பாட்டு. ஆறு எண்ணிக்கையை ஒருபுறம் இரண்டு மும்மைகளாகவும் மறுபுறம் மூன்று இரட்டைகளாகவும் ஒரே நேரத்தில் ஒலிக்கச்செய்வது அதன் தாளநுட்பம். குடைந்த மரத்தண்டில் தோல் போர்த்த 'பொம்போ' என்னும் பெரும்பறை அதற்குத் துணை. 'சம்பா' பெருநாட்டிலிருந்து இறங்கிவந்த வேறோர் ஆடற்பாட்டு. கைக்குட்டையை வீசி இருவர் மெல்ல ஆடுவது. சமவெளிக்குரியது 'மிலோங்கா'. எட்டு எண்ணிக்கையைத் தகிட, தகிட, தக என மும்மை, மும்மை, இரட்டையாகப் பிரித்து விரல்கள் ஓயாமல் நடக்கும். அவ்வடிவத்தின் பெயரும் நடையும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வழிவந்தவை என்பர்.

ஆக, பழங்குடி, ஸ்பானியர், ஆப்பிரிக்கர் என மூவகை மக்களின் குரல்கள் இவ்வடிவங்களில் ஏற்கெனவே கலந்திருந்தன. கலவையை யுபாங்கி உண்டாக்கவில்லை. வரலாறு வன்முறையோடு உண்டாக்கி வைத்திருந்ததைச் செவிகொடுத்துக் கேட்டார்.

கிதாரின் கலவை

அவருடைய தனித்தன்மை, இவையனைத்தையும் மின்னொலிக் கருவியோ பக்கவாத்தியமோ இன்றி ஒரே கிதாருக்குள் கொண்டுவந்ததில் உள்ளது. பறையின் ஓசை வேண்டுமிடத்துத் தந்திகளின் மேல் அடங்கிய தட்டல். விதாலாவின் இரு குரல் வேண்டுமிடத்து இரு தந்திகள் இணைந்து நகரும். மிலோங்காவில் கட்டைவிரல் குதிரை நடையைத் தாங்கும்போது ஏனைய விரல்கள் பாட்டைச் சுமக்கும். அல்மிரோனிடம் கற்ற செவ்வியல் ஒழுங்கு ஒவ்வொரு சுரத்தையும் தெளிவாக நிறுத்தக் கற்பித்திருந்தது. ஆனால் திறமையைக் காட்டும் விரைவோட்டம் அவரிடம் இல்லை. ஒரு சுரத்திற்கும் அடுத்த சுரத்திற்கும் இடையே நிலவும் அமைதியே அவர் இசையின் பெரும்பகுதி. சமவெளியின் வெறுமையை அவர் சொற்களில் விவரிப்பதைவிட அவ்வமைதியில் உணர்த்தினார்.

குரலும் அவ்வாறே. இனிமையான குரல் என்று அதனைக் கூற இயலாது. தாழ்ந்த, பேச்சுக்கு நெருக்கமான குரல். கேட்போரை மயக்க முற்படாமல் எதிரே அமர்ந்து ஒன்றைச் சொல்லும் குரல். உருகுவாய்க் கவிஞர் ரொமில்தோ ரிஸ்ஸோவின் வண்டிக்காரன் பாடலுக்கு அவர் அமைத்த இசை இதற்குத் தக்க சான்று. கிறீச்சிடும் அச்சுக்கு எண்ணெய் இடாதவனின் தனிமையை அங்குக் கிதாரின் திரும்பத் திரும்ப வரும் நடையே முழுவதும் சொல்லிவிடுகிறது. கவிஞர்கள் கருதத்தக்க செய்தி ஒன்று இதில் உண்டு. சொல் கூறிவிட்டதை இசை மீண்டும் கூறுவதில்லை. சொல் விட்டுச்சென்ற இடத்தில் இசை நிற்கிறது.

தண்டனையும் பாரிசும்

1945இல் யுபாங்கி பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்தார், 1952இல் விலகினார். இடைப்பட்ட ஆண்டுகளில் பெரோன் அரசு அவருக்கு மேடையையும் வானொலியையும் மறுத்தது. பலமுறை சிறையிட்டது. ஒருமுறை காவலர்கள் அவருடைய வலக்கையின்மீது தட்டச்சுப்பொறியை வைத்து நசுக்கி விரலை முறித்தனர் என்று அவரே பிற்காலத்தில் கூறினார். கிதார் கலைஞனின் வலக்கையை ஒடித்தால் இசை முடிந்துவிடும் என்பது அவர்கள் எண்ணம். அவர் இடக்கை வழக்கினர் என்பதை அவர்கள் அறியவில்லை. அவர் மீட்டியது இடக்கையால். வலக்கை தந்திகளை அழுத்தும் கை. எனினும் அத்தீங்கு முற்றும் பயனற்றுப்போகவில்லை. சில சுரக்கூட்டுகளைப் பிடிப்பது தமக்கு அதன்பின் எப்போதும் கடினமாகவே இருந்தது என்றும் அவர் கூறினார். அந்த இசையின் அடக்கத்தில் நசுக்கப்பட்ட ஒரு விரலின் பங்கும் உண்டு.

அக்காலத்தில்தான் அவர் ஐரோப்பா சென்றார். 1950ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 7ஆம் நாள் பாரிசில் எதித் பியாஃப் தம் மேடையில் அவரைப் பாடச்செய்தார். சொந்த நாட்டு மேடைகளில் இடமில்லாதவரை வேற்றுமொழி அவை அமர்ந்து கேட்டது. பின்னர் 1964இல் ஜப்பானிலும் அவர் பயணம் செய்து பாடினார். வாழ்வின் பிற்பகுதியை மிகுதியும் பிரான்சில் கழித்து, 1992ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் நீம் நகரில் மறைந்தார்.

மறைந்த பெயர்

இதுவரை கூறியவை யுபாங்கியைப் பற்றிய நூல்கள் யாவும் கூறுவன. இனிக் கூறுவதே இவ்வுரையின் மையம்.

யுபாங்கியின் இசைத்தட்டுகளில் பாட்டின் பெயருக்குக் கீழே சிற்றெழுத்தில் அச்சிடப்பட்டுள்ள பெயர்களில் 'பாப்லோ டெல் செர்ரோ' என்பது அடிக்கடி காணப்படும். பாட்டைக் கேட்டவர் பலரும் அவரை மலைநாட்டைச் சேர்ந்த ஓர் ஆடவர் என்றே எண்ணியிருப்பர். உண்மையில் அப்படி ஓர் ஆடவர் இல்லை. அப்பெயருக்குரியவர் ஒரு பெண். அந்துவானெத் போல் பெபான் ஃபிட்ஸ்பாட்ரிக் என்பது அவர் பெயர். நெனெத் என்பது அழைக்கும் பெயர். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்கு அருகே அட்லாண்டிக் பெருங்கடலில் பிரான்சுக்கு உரிய சேன் பியேர் - மிக்கெலோன் என்னும் சிறு தீவுக்கூட்டத்தில் 1908இல் பிறந்தவர். யுபாங்கியும் அதே ஆண்டில் பிறந்தவர் என்பது நினைக்கத்தக்கது. இளமையில் அர்ஜென்டினாவுக்கு வந்தார். செவ்வியல் பியானோ பயிற்சி பெற்றவர். 1940களில் தூக்குமானில் யுபாங்கியைச் சந்தித்தார். பின்னர் அவர்தம் வாழ்க்கைத் துணையானார். 1990இல் மறையும்வரை அவ்வாறே இருந்தார். பயணங்களிலிருந்து யுபாங்கி அவருக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் நூலாக வெளிவந்தன.

'பாப்லோ' என்பது போல் என்னும் அவர் பெயரின் ஆண்பால் வடிவம். 'செர்ரோ' என்பது குன்று. அவர்கள் வீடமைத்து வாழ்ந்த கோர்தோபா மாநிலத்துச் செர்ரோ கொலொராடோ என்னும் ஊரைச் சுட்டுவது. இப்பெயரில் அறுபதுக்கும் மேற்பட்ட பாடல்களில் அவருடைய பங்கு பதிவாகியுள்ளது. இறந்துபட்ட குதிரைக்கு இரங்கும் 'எல் அலசான்', கற்களின் சாகரேரா, கிதாரை விளித்து வினவும் 'கிதாரா, தீமேலோ தூ' ஆகியன அவற்றுட் சில. யுபாங்கியின் பெயரைச் சொன்னவுடன் அந்நாட்டவர் நாவில் எழும் பாடல்கள் இவை.

நாட்டார் இசை அன்று ஆடவர் களம். குதிரையும் நெடுவழியும் அறிந்த ஆண்மகனே அதன் குரல் என்பது எழுதப்படாத சட்டம். ஒரு பெண், அதிலும் வெளிநாட்டில் பிறந்து பியானோ கற்ற பெண், சமவெளியின் பாட்டுக்குப் பண்ணமைத்தாள் என்பதை அக்களம் எளிதில் ஏற்றிருக்காது. எனவே மண்ணின் மணம் வீசும் ஆண்பெயர் ஒன்று வேண்டியிருந்தது.

இரு புனைபெயர்களையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். ஒருவர் தம் மரபு வெளிப்படுவதற்காகப் பெயர் மாற்றினார். மற்றவர் தம் பாலும் பிறப்பும் தெரியாதிருப்பதற்காகப் பெயர் மாற்றினார். முன்னது கொடி, பின்னது திரை. இரண்டும் ஒரே இசைத்தட்டில் அடுத்தடுத்து அச்சாயின. யுபாங்கியின் இசை எவற்றின் கலவை என்ற வினாவிற்குக் கெச்சுவா, பாஸ்க், ஸ்பானியம், ஆப்பிரிக்கம் என விடை கூறும் திறனாய்வு, அட்லாண்டிக் தீவொன்றில் பிறந்த ஒரு பெண்ணின் செவியைக் கணக்கில் கொள்ளாமற் போனால் அது குறைக்கணக்கே ஆகும்.

பெயரின்மை என்னும் பேறு

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். யுபாங்கியே பெயரின்மையைப் போற்றியவர் அல்லரோ? ஒரு பாட்டு தன்னை இயற்றியவனின் பெயரை இழந்து மக்களின் பொதுச்சொத்தாகிவிடுவதே கவிஞன் அடையக்கூடிய உயர்ந்த பேறு என அவர் கருதினார். அவ்வாறாயின், நெனெத்தின் பெயர் மறைந்ததும் அப்பேறுதானே?

அன்று. பெயர் கரைதல் வேறு. பெயர் எழுதப்படாமை வேறு. ஆற்றில் கரையும் உப்பு முதலில் கையில் இருந்தது. பெயருடையவன் அதனைத் துறப்பது துறவு; பெயரிடும் உரிமையே இல்லாதவளுக்கு அது துறவாகாது. யுபாங்கி விரும்பிய பெயரின்மை ஒரு நீண்ட புகழ்வாழ்வின் முடிவில் நிற்பது. நெனெத்துக்கு நேர்ந்த பெயரின்மை தொடக்கத்திலேயே வாயிலில் நின்றது. பள்ளத்தாக்குகளில் கைப்பறை தட்டிப் பகுவாலா பாடிய மலைப்பெண்களின் நிலையும் இத்தகையதே. அவர்களிடம் கேட்டு வளர்ந்த பண்கள் ஏட்டிலும் தட்டிலும் ஏறின. அவர்களுடைய பெயர்கள் ஏறவில்லை.

இதனால் யுபாங்கியின் பெருமை குறைந்துவிடாது. அவர் நெனெத்தின் பங்கைத் தமதாக்கிக் கொள்ளவில்லை. திரையின் பின்னே ஆயினும், இசையமைத்தவர் வேறொருவர் என்பது ஒவ்வொரு தட்டிலும் பதிவாகியே வந்தது. அச்சிறு பதிவு இருந்தமையாலேயே பிற்காலத்தார் திரையை விலக்க முடிந்தது. அதுவும் இல்லாத எத்தனையோ பாடல்கள் உலகில் உள்ளன.

நிறைவாக

யுபாங்கியின் சாம்பல் செர்ரோ கொலொராடோவில் அவருடைய வீட்டு வளாகத்தில் ஒரு கருவாலி மரத்தடியில் அடக்கம் செய்யப்பட்டுள்ளது. 'மறைந்த நீர்' என்னும் பொருளுடைய பெயர்கொண்ட அவ்வீடு இன்று அருங்காட்சியகம். அவ்வூரின் பாறைக் குகைகளில், ஸ்பானியர் வருவதற்கு முன்பும் வந்த காலத்தும் பழங்குடியினர் தீட்டிய ஓவியங்கள் காணப்படுகின்றன. ஒட்டகக் குடும்பத்து விலங்குகளும் பறவைகளும் குதிரைமேல் வரும் அந்நியரும் அவற்றில் உள்ளனர். தீட்டியவர் எவரும் கையொப்பமிடவில்லை. தம் பெயரை உலகறியச் செய்த ஒருவரும், தம் பெயரை அவ்வூர்க் குன்றின் பெயருக்குள் மறைத்துக்கொண்ட ஒருவரும் அப்பாறைகளின் அண்மையில் வாழ்ந்து பாட்டியற்றினர்.

கவிதை ஒருவர் பெயரில் வெளிவருகிறது. அதன் சந்தத்தைத் தாலாட்டில் தந்தவர், முதற்படியைக் கேட்டுச் சொல் ஒன்றை மாற்றச் சொன்னவர், இரவெல்லாம் விழித்துப் படியெடுத்தவர் எனப் பலர் அப்பெயருக்குப் பின்னால் நிற்கின்றனர். அவர்கள் அனைவரையும் அட்டையில் அச்சிட இயலாது. ஆயினும் சிற்றெழுத்தில் ஒரு வரி எழுதிவைப்பது எளிது. அந்த ஒரு வரியே பின்வரும் தலைமுறைக்கு வழி திறக்கும். பத்தாண்டு கண்ட இவ்வட்டத்தின் கவிஞர்கள் இனி வெளியிடும் நூல்களில் அவ்வரி இடம்பெறுமாயின், இவ்வுரை தன் பயனை அடைந்ததாகும்.